பட்டுக் கோழியும் என் அருவருப்பும்

ஏப்ரல் 8, செவ்வாய்

பாங்குக்குக் கிளம்புவதற்கு முன்னால் வடாம் பிழிந்து பின்பக்கம் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பட்டு அதன்மேல் நடந்திருக்கிறாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் மூன்று விரல் தடம். நடுவில் அவள் வழக்கமாகப் போடுவதையும் போட்டு வைத்திருந்தாள். சீ! அந்த வரிசை முழுக்க வழித்துக் கொட்டினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுடி பார்கவி, கோலம் போட்டுட்டுப் போயிருக்கா" என்கிறார். கோலமாம். வழிக்கிறவள் நானல்லவா.

போன மழைக்காலத்தில் ஆளந்தி ரோடில் கோழி ஏற்றிக்கொண்டு போன டெம்போ பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது, கூண்டிலிருந்து தெறித்து விழுந்தவள் இந்தப் பட்டு. இவர் ஸ்கூட்டரை நிறுத்தி ரெயின்கோட்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். பூணூல் போட்ட மனுஷர், டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் பெரிய உத்தியோகம், கையில் கோழியோடு வாசலில் நிற்கிறார். "ரோட்லயே விட்டுட்டு வரச் சொல்றியா? லாரி ஏத்திடுவான்டி" என்றார். ஒரு ராத்திரிதான் என்று உள்ளே விட்டேன். அந்த ஒரு ராத்திரி இன்னும் முடியவில்லை. தரைத்தள வீடு என்பதால் எங்களுக்கு மட்டும் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. அதுதான் அவள் சாம்ராஜ்யம். தயிர்சாதம் என்றால் ஓடிவருவாள். நான் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது என் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், வெதுவெதுவென்று கனமாக. வேலை முடிந்து வந்து அந்தக் கனம் காலில் ஏறாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. இதை இந்த நோட்டில் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஒரே கஷ்டம், முட்டை. எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததே கிடையாது, கேக்கில்கூட. இவள் போடுகிறது சில சமயம் ஈரமாக, எதையோ ஒட்டவைத்துக்கொண்டு... எழுதும்போதே எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தேன். மாடி வீட்டு ஸ்டெல்லா இந்த மராத்தி ஊரில், கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஸ்கூல் டீச்சர். அவள்தான் தினம் கிண்ணத்தோடு வந்து எடுத்துக்கொண்டு போவாள். அவள் எடுக்கும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்டெல்லா ஈஸ்டருக்குத் திருச்சியில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். வீட்டுச் சாவியை என் பெண் வைஷுவிடம் கொடுத்திருக்கிறாள், செடிக்குத் தண்ணீர் விட. போகும்போது, "அக்கா, முட்டைய பொட்டியிலயே விட்டுடாதீங்க, தினம் பாருங்க" என்றாள். சரி என்றேன். நான் போய்ப் பார்ப்பதாவது! இவரிடம் சொன்னேன். "நான் பாத்துக்கறேன்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. லீவு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்காமல் இவர் எங்கேயோ மரம் ஏறாத குறையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அதில் பாதி எறும்பு. கண்றாவி. வைஷு பச்சடியைத் தொட்டு நக்கிவிட்டு, "ரொம்ப கட்வா இருக்கு" என்றாள். காலேஜ் இரண்டாவது வருஷம், கசப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பட்டுவின் பெட்டியை எட்ட நின்று பார்த்தேன். காலி. நேற்றும் காலிதான். வெயிலுக்கு முட்டை போடுவதை நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. அப்பாடா என்றிருந்தது. வருஷப் பிறப்பும் அதுவுமாய் நல்ல சகுனம்.

ஏப்ரல் 16, புதன்

பட்டு ஒரு மாதிரி நிற்கிறாள். வாலைக் கீழே இறக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பெட்டிக்குள் போகிறாள், வெளியே வருகிறாள், மறுபடி போகிறாள். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். இந்த வெயிலில் எனக்கே அப்படித்தான் இருக்கிறது. ஓம வாட்டர் கலந்து வைத்தேன், இரண்டு சொட்டு குடித்தாள்.

பின்னால் இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு, வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ வழிகிறது. ஈ மொய்க்கிறது. தோட்டக் குழாயைத் திறந்து எட்ட நின்றே அடித்தேன். அவள் ஓடக்கூட இல்லை. அப்படியே நின்று நனைந்தாள்.

சாயங்காலம் வந்து வழக்கம்போல என் காலில் ஏறி உட்கார்ந்தாள். பாதத்தில் பிசுபிசுவென்று ஈரம் பட்டது. சீ, போடி அந்தண்டை என்று காலை உதறிவிட்டேன். டெட்டால் போட்டுக் கழுவினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பட்டு செத்துப்போய்விட்டாள்.

காலையில் வாசல் தெளித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் கிடந்தாள். கண்ணோரம் எறும்பு. கூப்பிட்டேன். பட்டு, பட்டும்மா. என்ன பைத்தியக்காரத்தனம், எறும்பு மொய்க்கிறதைப் பார்த்துக்கொண்டே கூப்பிடுகிறேன். கிட்டப் போகக் கால் வரவில்லை. இவர்தான் வந்து பழைய துண்டைப் போட்டு மூடினார்.

இதற்கா, இதற்கா அந்த டெம்போவிலிருந்து தப்பித்து வந்தாய்?

அதே நாள், சாயங்காலம்

லீவு கிடைக்கவில்லை, பாங்குக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. லஞ்ச் ரூமில் கண் ஏன் வீங்கியிருக்கு என்று ஸ்நேஹல் கேட்டாள். சொன்னேன். "அரே, கோம்ப்டி!" என்று சிரித்தாள். கோழியா, அவ்வளவுதானா என்று அர்த்தம். "நீங்கதான் சாப்பிடமாட்டீங்களே மேடம், எங்களுக்குக் குடுத்திருந்தா தாம்ப்டா ரஸ்ஸா பண்ணியிருப்போமே" என்றான் லோன் செக்‌ஷன் பையன். இந்த ஊர்ச் சிவப்புக் கறிக்குழம்பு அது. மேஜை முழுக்கச் சிரிப்பு. என் டப்பாவில் தயிர்சாதம். தயிர்சாதத்தைப் பார்த்ததும் அழுகை வந்து, பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாய் செத்தால் லீவு போட்டு ஆறுதல் சொல்கிற கூட்டம் இது. போன மாதம் ஸ்நேஹலின் நாய்க்கு நானும்தான் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். செத்தது கோழி என்றால் கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மனுஷர்களா இவர்கள்? வாயைத் திறந்தாலே மசாலா நாற்றம்.

வீட்டுக்கு வந்தால் அதைவிட. ஃப்ளாட் சொசைட்டியின் ஃபோன் க்ரூப்பில் செக்ரட்டரி ஷிரோளே எழுதியிருக்கிறார், கோழி திடீரென்று செத்திருக்கிறது, பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், எல்லோரும் ஜன்னலைச் சாத்துங்கள் என்று. கீழே ஐம்பது பேர் கையைக் கூப்பி நிற்கிற பொம்மை. அவரே முகத்தில் மாஸ்க்கோடு வந்து எங்கள் கேட்டுக்கு வெளியில் நின்றார். "மேடம், ஹே சாலணார் நாஹி." இதெல்லாம் இங்கே நடக்காதாம். தோட்டத்தில் புதைக்கக் கூடாதாம், குப்பை வண்டியிலும் போடக் கூடாதாம், அரசாங்க மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்து ரிப்போர்ட் வாங்கி வரவேண்டுமாம். தீபாவளிக்கு என் கையால் தேங்காய் பர்ஃபி வாங்கித் தின்ற மனுஷன். பட்டுவைப் பார்த்து "காய், ராணி ஸாஹேப்" என்று, என்ன மகாராணி என்கிற மாதிரி, கொஞ்சுவார். இப்போது கேட்டைத் தொட்ட கையில் சானிடைசர் ஊற்றித் தேய்க்கிறார், என் எதிரிலேயே.

ஏப்ரல் 18, வெள்ளி

குட் ஃப்ரைடே, ஆஸ்பத்திரி மூடியிருக்கிறது. நாளைக்குத்தான்.

அதுவரை அவளை எங்கே வைப்பது? இந்த வெயிலில்? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று இவர் கேட்டார். கேட்டார்! என் ஃப்ரிட்ஜில், பாலும் தயிரும் இருக்கிற இடத்தில். நான் பார்த்த பார்வையில் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போபோடியில் மீன் விற்கிறவளிடம் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி மூலையில் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாற்றம்! வாழ்க்கையில் இதுவரை என் வாசலைத் தாண்டாத நாற்றம்.

எங்கள் பட்டு மீன் பெட்டியில் கிடக்கிறாள்.

வீடு முழுக்க ஊதுபத்தி கொளுத்தினேன். ஊதுபத்தியும் மீனும் கலந்து இன்னும் கண்றாவியாக இருக்கிறது. வைஷு ரூமைவிட்டு வெளியே வரவில்லை. "சாப்பிட வாடி" என்றால் "பூக் நஹீ" என்கிறாள். எனக்கு மட்டும் பசிக்கிறதா? யாருக்காவது சமைத்துப் போட வேண்டியிருக்கிறதே.

சாயங்காலம் காப்பி போட்டேன். சிங்க்கில் கொட்டினேன்.

ஏப்ரல் 19, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஆட்டோவில் சொட்டி, டிரைவரிடம் வேறு வசவு. டாக்டர் சின்னப் பெண். வெளியே உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டிரேயைத் தூக்கிக்கொண்டு வந்தாள், எங்களுக்குக் காட்ட. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டுவிட்டதாம். வெளியே வரமுடியாமல் உள்ளேயே உடைந்து சீழ் பிடித்திருக்கிறது.

"கடைசியா எப்ப முட்டை போட்டுது?" என்று இந்தியில் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"நாங்க முட்டை சாப்பிடறதில்லை" என்றேன்.

"நீங்க சாப்பிடவேண்டாம் மேடம். அது போடுதா இல்லையான்னு பாக்கணுமில்லையா?"

கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"பின்னாடி அசிங்கமா இருந்திருக்குமே. பாக்கலியா?"

"பாத்தேன்."

பார்த்தேன் என்று இந்த வாயால் சொன்னேன். அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீரில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். உடலைத் தரமாட்டார்களாம், அவர்களே எரித்துவிடுவார்களாம். மீன் பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

வருகிற வழியில் இவரைப் பிடித்துக் கத்தினேன். "பாத்துக்கறேன்னேளே, என்னத்தப் பாத்தேள்?" "காலியா இருந்துது, எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லேன்னு வந்துட்டேன்டி" என்றார். அவருக்கும் அப்பாடா. எனக்கும் அப்பாடா. ரெண்டு பேரும் அப்பாடா அப்பாடான்னு இருந்திருக்கோம், அவ உள்ளே முட்டையோட நின்னுண்டிருந்திருக்கா. நான் பெத்தவதானே? வலியில நிக்கறவ எப்படி நிப்பான்னு எனக்குத் தெரியாதா? உள்ளே போறதும் வெளியே வர்றதுமா, மூச்சு வாங்கிண்டு. தெரியாதா எனக்கு? குழாய வெச்சு அடிச்சேனே. பச்சத் தண்ணிய. கால்ல வந்து உக்காந்தா, உதறினேன்.

ஸ்நேஹலைத் திட்டினேன், ஷிரோளேயைத் திட்டினேன். நாறுவது நான்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மத்தியானம் வைஷு ரூமிலிருந்து வந்தாள். சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, பட்டு அண்டா போடலேன்னு எனக்குத் தெரியும்." முட்டையைத்தான் அப்படி இந்தியில் சொல்கிறாள்.

ஸ்டெல்லா ஊருக்குப் போனதிலிருந்து இவள்தான் பெட்டியைப் பார்த்திருக்கிறாள், எடுப்பதற்கு. எடுத்து மாடிக்குக் கொண்டுபோய் ஸ்டெல்லாவின் அடுப்பில் ஆம்லெட் போட்டுத் தின்ன. இந்த வாரம் மட்டும் இல்லை, ரொம்ப நாளாகவே ஸ்டெல்லா வீட்டில் தின்று பழக்கமாம். பெட்டி காலியாகவே இருந்தது, பட்டு நிற்கிற விதமும் சரியில்லை என்று நெட்டில் தேடியிருக்கிறாள். முட்டை சிக்கியிருக்கும், வெந்நீரில் உட்காரவைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம்.

"என்னிக்குடி பாத்தே?"

"வெட்னஸ்டே. சொல்லத்தான் வந்தேன். நீ பைப்ப வெச்சுண்டு சீ சீன்னு கத்திண்டிருந்தே. சொன்னா, அண்டா விஷயம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பே. மறுநாள் நீ பாங்குக்குப் போனப்பறம் நானே பண்ணிடலாம்னு இருந்தேன். மார்னிங்..."

மேலே பேச முடியாமல் அழுதாள்.

"ஏண்டி, முட்டை தின்னேன்னு சொன்னா உன்னைக் கொன்னா போட்டுடுவேன்?"

"கொல்லமாட்டே. சீன்னு சொல்வே. நீ எப்படிச் சொல்வேன்னு உனக்குத் தெரியாதும்மா. மூஞ்சி இப்படிப் போகும். அப்பறம் என் தட்டைத் தனியா வெப்பே. எனக்கு அதைப் பாக்க முடியாது. ஸோ நான் எதுவும் சொல்றதில்ல."

"எதுவும்னா? வேற என்ன சொல்லலை?"

ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூட்டுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்டெல்லா வந்துவிட்டாள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கீழே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருத்தியாவது ரஸ்ஸா என்று சொல்லாமல் அழுதாளே.

ஆம்லெட் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். அது கிடக்கட்டும் என்றேன். "வைஷு உன்கிட்ட வேற என்ன சொல்லியிருக்கா?" என்று கேட்டேன். முகம் மாறியது. சொல்லத் தயங்கினாள்.

"அக்கா, அது அவ ஒடம்பு விஷயம். அவதான் சொல்லணும். நான் சொல்லிட்டேன்னா அப்புறம் என்கிட்டயும் சொல்லமாட்டா, யார்கிட்டயும் சொல்லமாட்டா. டாக்டர்ட்ட போலாம் வாடின்னு எத்தனயோ தடவ கூப்பிட்டுப் பாத்துட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்ங்கறா. ஒண்ணு மட்டும் சொல்றேங்க்கா, ரொம்ப நாள் விட்டுடாதீங்க."

என் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. அது மாடி வீட்டுக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது.

ஏப்ரல் 23, புதன்

கேட்டேன். "என்னடி உடம்புக்கு?" அரிசி களைந்துகொண்டே கேட்டேன், சாதாரணமாக இருக்கட்டும் என்று. "நத்திங்."

முகம் வெளிறித்தான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நின்று நின்று போகிறாள். இத்தனை நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இவரிடம் சொன்னேன். "பொம்மனாட்டி விஷயமா இருக்கும், நீயே கேளேன்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எரிச்சலில் பேப்பரைப் பிடுங்கிப் போட்டேன். ஆனால் அவரை என்ன சொல்வது? இந்த வீட்டில் அந்தப் பேச்சே வரக்கூடாது என்று வைத்தவள் நான். அவள் பெரியவளான புதிதில் வலிக்கிறது என்று வந்து நிற்பாள். "சரி சரி, விவரமெல்லாம் வேண்டாம், தலைக்குக் குளிச்சுட்டு வா" என்பேன். குப்பையில் எது இருந்தாலும் நாலு பேப்பர் சுற்றியிருக்க வேண்டும் என்பேன். என் அம்மா என்னை மூலையில் உட்கார வைத்தாள், நான் வைஷுவை உட்கார வைக்கவில்லை, அதனால் நான் ரொம்ப முற்போக்கு என்று பெருமை வேறு.

ஏப்ரல் 25, வெள்ளி

மறுபடி கேட்டேன். குரலை உயர்த்திவிட்டேன். "இப்ப சொல்லப் போறியா இல்லியா" என்று கத்தினால் யார் சொல்வார்கள். போதாக்குறைக்கு, அவள் உட்கார்ந்து எழுந்த சோபாவை என் கண் தானாகப் போய்ப் பார்த்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பட்டுவின் இடத்தை யாரும் தொடவில்லை. பத்து நாளாகக் காய்ந்து, நாறி, புழு வைத்திருந்தது. ஷிரோளே க்ரூப்பில் இன்னொரு தடவை எழுதியிருந்தார். ஆள் வைத்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம் என்றார் இவர். வேண்டாம் என்றேன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கையுறை வாங்கவில்லை. பெட்டியிலிருந்த பேப்பரையெல்லாம் கையால் வழித்தேன். அடியில் அவளிடமிருந்து வழிந்தது கறுத்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒரு இடத்தில் பொறுக்க முடியாமல் செடியோரம் போய் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சுரண்டினேன். யாருக்காக இது? செத்தவளுக்கு என்ன பிரயோஜனம்? தெரியவில்லை. அவள் உயிரோடு இருக்கும்போது தொட்டிருக்க வேண்டிய கை, இப்போதாவது தொடட்டும் என்று இருந்தது. அழுதுகொண்டே சுரண்டினேன். மூக்கைத் துடைக்க வழியில்லாமல் தோளில் துடைத்துக்கொண்டேன். அசிங்கம் பிடித்த வேலை.

நிமிர்ந்தபோது பின்கதவில் வைஷு நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியாது. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கதவைப் பூட்டாமல் சும்மா சாத்தியிருந்தாள்.

மே 1, வியாழன்

லீவு நாள். காலையில் அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. பாத்ரூமிலிருந்து குரல்.

"அம்மா. வா."

போனேன். கதவு திறந்திருந்தது. வைஷு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடெல்லாம் வெள்ளை. "இப்படித்தாம்மா வரது. நிக்கவே மாட்டேங்கறது. ஹோலிக்கு முன்னாடிலேர்ந்து." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கீழே பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

நான் கீழே பார்த்தேன். நன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒரே ரத்தம். கட்டி கட்டியாக, சில கட்டி நெல்லிக்காய் பெரிசுக்கு. கால் வழியாக வழிந்து டைல்ஸ் இடுக்கெல்லாம். வாடை தலைக்கு ஏறியது. பொய் சொல்வானேன், வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"உக்காரு" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். வெந்நீர் எடுத்து என் கையாலேயே கழுவிவிட்டேன், குழந்தையில் கழுவினதற்கப்புறம் இன்றைக்குத்தான். "நானே பண்ணிக்கறேன்மா" என்றாள். சும்மா இரு என்றேன். அவள் தலை என் தோளில் விழுந்தது.

இவரைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமல் ஓடினார். சாம்பார் தீய்ந்துபோனது.

மே 3, சனி

நேற்று வரைக்கும் ஆஸ்பத்திரி. ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது, இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஹார்மோன் கோளாறு, கட்டி கிட்டி ஒன்றுமில்லை, மாத்திரையில் சரியாகிவிடும் என்கிறாள் டாக்டரம்மா. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தாள். போதும் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த வாக்கியம் முடியத் தேவையில்லை.

வேலைக்காரிக்குப் போடவில்லை. இரண்டு நாள் துணியையும் படுக்கை விரிப்பையும் நானே பின்பக்கம் எடுத்துக்கொண்டு போய் ஊறவைத்து அலசினேன். பக்கெட் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறுகிறது, கொட்டுகிறேன், மறுபடி மாறுகிறது. குமட்டுகிறது. எனக்கு எப்போதும் குமட்டும் போலிருக்கிறது, இந்த ஜென்மத்தில் மாறாது.

வைஷு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பின்கதவைப் பிடித்தபடி நின்றாள். வெளியே வராதேடி, படுத்துக்கோ என்றேன். போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சொல்லிடு. வெடிச்சுடப் போறே."

"என்னத்தச் சொல்ல?"

"அதான். சீ."

சொன்னேன். அடி வயிற்றிலிருந்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஹசவூ நகோமா, சிரிக்க வெக்காதே, வலிக்கறது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது, கையில் அந்தத் துணியோடு. மாடியில் ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்து என்ன என்று பார்த்தாள்.

வைஷு பக்கத்தில் வந்து கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுத்த துணியை எடுத்து அலசினேன்.